சர்க்கரை போட்ட பூசை ரசம்

அன்பான விசுவாசிகளே, இந்தத் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் பூசைக்காகச் செய்த திராட்சை ரசம் மொத்தமும் வீணாய்ப் போனது. வீணாக்கியவன் நான்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் குடும்பம் அனுமதி பெற்று மூன்று பங்குக் கோயில்களுக்குத் திருப்பலி ரசம் செய்து கொடுக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான்தான். அப்பா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது, புளித்துப் பொங்க வேண்டிய ரசம் பொங்காமல் நின்றுவிட்டது. இணையத்தில் தேடினேன். சர்க்கரை போட்டேன். பொங்கியது. பெருமையாக இருந்தது.

அப்பா திரும்பி வந்து ஒரு வாய் குடித்தார்.

"என்னடா போட்ட?"

"கொஞ்சம் சர்க்கரைப்பா."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். திராட்சையில் வேறெது கலந்தாலும் பலிபீடத்துக்கு ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்குத் தெரிந்தது, படித்த எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. புது ரசத்துக்கு மாதக்கணக்காகும். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். என்னோடு பேசவில்லை.

கோயிலில் முழந்தாளிட்டேன். யாருக்கும் தெரியாமல் போகட்டும் ஆண்டவரே என்றுதான் முதலில் கேட்டேன். அந்தச் சர்க்கரை ரசத்தையே கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்று நாளும் மனசு கல்லாகவே இருந்தது. நான்காம் நாள், சொல்லத் தைரியம் மட்டும் கேட்டேன்.

எழுந்து நேராகத் தட்டாஞ்சாவடி போனேன். எங்களைப் போலவே ரசம் செய்யும் ரோசாலி அக்காவிடமும் அவர் கணவர் சவரி மாமாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படிச்ச புள்ள பாயாசம் வெச்சிருக்கான் பாரு," என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "எங்க பீப்பா விரிசல் உட்டு எல்லாம் ஓடிப்போனப்ப, உங்கப்பாதான் உங்க வீட்டு ரசத்த தூக்கினு வந்து எறக்குனாரு. உங்கிட்ட சொல்லலியா?"

சொன்னதில்லை.

"நமக்கே பத்தாதே," என்றார் மாமா.

"பூசையில பாத்திரம் ரொம்பவா ஊத்தப் போறாங்க? கொஞ்சமா ஊத்தச் சொல்லி ஃபாதருங்ககிட்ட நான் பேசிக்கிறேன். தம்பி, நீ அந்த ஜாடிய எடு."

தங்கள் ரசத்தில் பாதியைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பங்குத்தந்தையரிடமும் நானே போய் உண்மையைச் சொன்னேன். அடுத்த வருடம் எங்களிடம் வாங்குவார்களா, தெரியாது. இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பெரிய வியாழன் பூசையில் பாத்திரத்தின் அடி நனையும் அளவுக்குத்தான் ரசம் ஊற்றினார்கள். அது போதுமாக இருந்தது. நான் அழுதேன். வெளியே வந்ததும் அப்பா வாய் திறந்தார்.

"ஜாடிய வெறுமனே திருப்பிக் குடுக்காத."

மீதியிருந்த சர்க்கரையை நிரப்பிக் கொண்டுபோனேன். ஈஸ்டருக்கு மாமா பாயாசம் வைத்தார்.

ஆண்டவருக்கு நன்றி. உங்கள் கையால் ஏதாவது கெட்டுப்போயிருந்தால், மறைத்துத் தரும்படி கேட்காதீர்கள். சொல்ல வாய் கேளுங்கள். கொடுப்பார்.