வராத வட்டிக்குப் பொறுப்பாளர்

“வரலைன்னு சொல்லாதீங்கண்ணா. ஏறியிருக்குதுன்னு சொல்லுங்க” என்று திருத்தியபடியே டீ கிளாஸை நீட்டுகிறார் அற்புதராஜ். வாங்கிக்கொள்கிறவர் பேரிகையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் கோவிந்தப்பன். தக்காளி விற்ற காசைக் கம்பெனியில் போட்டுவைத்திருப்பவர். “வட்டி ஒச்சிந்தா சார்?” என்று, வட்டி வந்ததா எனத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். இப்போது சூடான கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் ஊதிக்கொண்டிருக்கிறார். கையில் டீ இருக்கும்போது ஒருவருக்குக் குரல் உயராது என்பது அற்புதராஜ் அனுபவத்தில் கண்டுபிடித்த விஷயம்.

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த வாகனக்கடன் கம்பெனி. பெயர் வேண்டாம். என் தம்பி வாங்கிய குட்டியானைக்கு, அதுதான் அந்தச் சின்ன சரக்கு வண்டிக்கு, மாதத் தவணை கட்ட நான்தான் போகிறேன். தம்பிக்கு அந்த மாடிப்படியைப் பார்த்தாலே மூட்டு வலிக்கும். பணம் கட்டும் கவுன்ட்டரில் சுவேதா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசீதைத் தள்ளுவாள். பணம் கேட்டு வருகிறவர்களுக்கான கவுன்ட்டரில் அற்புதராஜ். அவர் எழுந்து நின்று, கும்பிட்டு, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார். கொடுக்கிறவனைவிடக் கேட்கிறவனுக்கு மரியாதை அதிகம் கிடைக்கும் இடம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஐம்பத்தெட்டு வயது. சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். ஆட்குறைப்பு வந்தபோது, விருப்ப ஓய்வு என்ற அழகான பெயரில் அவருடைய விருப்பத்தைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டுத்தான் வருகிறார். பதினொன்றரைக்கே டிபன் கேரியரைத் திறந்துவிடுவார்; வயிறு இன்னும் ஆலை கேன்டீன் நேரத்திலேயே ஓடுகிறது. மும்பையிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். யாரும் பார்க்காத இடத்திலும் அப்படித்தான். ஒருமுறை காரணம் கேட்டேன். “அவங்க மேல்தட்டுங்க” என்றார்.

இந்தத் தட்டு விவகாரம் புரிந்தால்தான் அற்புதராஜ் புரிவார். கம்பெனி, வண்டி வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்கிறது. அப்படிக் கொடுத்த சில நூறு கடன்களை ஒரே கட்டாகக் கட்டி, அவர்கள் மாதாமாதம் கட்டப்போகும் தவணைகளைப் பத்திரமாக்கி விற்றுவிடுகிறது. பத்திரத்தில் மூன்று தட்டு. மேல்தட்டை மும்பையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியிருக்கிறது. வட்டி குறைவு, பயமும் குறைவு. நடுத்தட்டில் இரண்டு மூன்று கிரானைட் முதலாளிகள். அடித்தட்டு முழுக்க நம் ஆட்கள்: காவேரிப்பட்டினத்து மாம்பழ வியாபாரி, ஜவளகிரியில் நிலம் விற்றவர், பென்ஷன் வாங்கும் டீச்சர்கள். அடித்தட்டுக்குத்தான் வட்டி அதிகம். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் காது நிறைந்துவிட்டது. ஏன் அதிகம் என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

வண்டிக்காரர்கள் கட்டும் பணம் முதலில் மேல்தட்டுக்குப் போகும். அவர்களுக்கு முழுதாகக் கொடுத்து மிஞ்சியது நடுத்தட்டுக்கு. அதிலும் மிஞ்சினால் அடித்தட்டுக்கு. ஆலைகளில் ஆர்டர் குறைந்து, வண்டிகள் பாதி நாள் டீக்கடை ஓரம் நிற்க ஆரம்பித்ததிலிருந்து அடித்தட்டுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இதை அற்புதராஜ் விவசாயிகளுக்கு ஏரியை வைத்து விளக்குவார். “மேல ஏரி ரொம்பி கோடி போனாத்தானேண்ணா கீழ ஏரிக்குத் தண்ணி? நீங்க கீழ ஏரி. அவ்ளோதான்.” கேட்டவர் தலையாட்டுவார். ஏரியும் அது நிரம்பி வழியும் கோடியும் தெரியாதவர் யார் இங்கே? கன்னடக்காரர் வந்தால் அதே ஏரி கன்னடத்தில் நிரம்பும். வட்டி வரவில்லை என்பதை மூன்று மொழிகளில் சொல்லாமல் இருக்கத் தெரிந்த மனிதர் அவர்.

அவர் சொல்வது பொய்யும் இல்லை. அதுதான் இதில் எனக்கு ஆத்திரம் வரும் இடம். மேல்தட்டுக்காரருக்கு ஒரே ஒரு முறை வட்டி தவறட்டும், கம்பெனி கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். வக்கீல்கள் விமானம் ஏறி வந்து கட்டு மொத்தத்தையும் கைப்பற்றிவிடுவார்கள். அடித்தட்டுக்காரருக்கு வருடக்கணக்கில் வராவிட்டாலும் எதுவும் தவறியதாகக் கணக்கில்லை. அது வெறும் தள்ளிவைப்பு. தள்ளிவைத்த வட்டி அசலோடு சேரும். அதற்கு வட்டி ஏறும். அந்த வட்டியும் தள்ளிவைக்கப்படும். சம்பளமே கொடுக்காமல் வருடாவருடம் இன்கிரிமென்ட் மட்டும் தவறாமல் போடும் முதலாளியைப் போல. எல்லாம் பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் முன்பக்கம்தான் போட்டார்கள்.

“உங்க வட்டி எங்கியும் போவலை. உங்க பேர்லயே குந்தியிருக்குது. அதுக்கும் வட்டி போடுறோம்” என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருக்கும். டீ செலவும் அப்படியே ஏறியது. வட்டி ஒழுங்காக வாங்கும் நடுத்தட்டுக்காரர்களுக்கு அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. “வருசத்துக்குப் பன்னண்டு சதவீதம்னாங்க. இப்ப மாசம் ஒரு டீ. சர்க்கரை மட்டும் தூக்கலா இருக்குது” என்றார் ஒரு டீச்சர். அற்புதராஜ் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார்.

தொழில் அவருக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதை அந்தோணியார் திருவிழா விருந்தில் பார்த்தேன். பரிமாறும் பொறுப்பு அவருக்கு. முதல் பந்திக்குக் கறி தாராளம், இரண்டாம் பந்திக்கு அளவாக, மூன்றாம் பந்திக்குக் குழம்பு. லேத் பட்டறையில் வேலை செய்யும் ரெக்ஸ் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து, “கறி வரலை சார்” என்றான். “வரலைன்னு சொல்லாத தம்பி. உன் பேர்ல இருக்குது. அடுத்த வருசம் சேர்ந்து வரும்.” பந்தியே சிரித்தது. மறுவருடம் ரெக்ஸ் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றான். “போன வருசத்துக் கறி சார். வட்டியோட.” மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அற்புதராஜ் சிரிக்கவில்லை. தன் இலையிலிருந்த துண்டுகளை எடுத்து அந்த வாளியில் போட்டுவிட்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். பேரில் ஏறியது எப்படியும் வந்து சேரும் என்று உண்மையாகவே நம்புகிறவர் ஊரில் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். அன்றைக்கு எனக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது.

அவரும் அடித்தட்டுதான். விருப்ப ஓய்வில் வந்த எட்டு லட்சத்தையும் மனைவி சூசைமேரி பேரில் அங்கேதான் போட்டிருந்தார். “ஸ்டாஃபே போட்டிருக்காங்கன்னா மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும் சார்” என்று சொன்னவர் கிளை மேனேஜர் ராஜ்குமார். அவர் வயது அற்புதராஜின் ஷூவுக்கு இருக்கும். மத்திகிரியில் இவர்களுக்கு ஒரு வீடு. மேலே இன்னொரு மாடி எழுப்பி ஆலைக்கு வரும் பெண்களுக்கு வாடகைக்கு விட வேண்டும், கடைசிக் காலத்துக்கு அந்த வாடகைதான் சோறு என்பது சூசைமேரியின் திட்டம். மொட்டை மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. சூசைமேரி அதில் துணி காயப் போடுகிறார்.

கவுன்ட்டரில் பேசும் பாஷையை அற்புதராஜ் வீட்டுக்கும் கொண்டுபோனார். அதுதான் அவர் செய்த தப்பு. மாதாமாதம் சாப்பாட்டு நேரத்தில், “இந்த மாசம் இவ்ளோ ஏறியிருக்குது மேரி” என்று தொகையைச் சொல்வார். சூசைமேரி அதைச் சேமிப்புக் கணக்கு என்றே நினைத்தார், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. முதலில் மாடிக்குச் சிமென்ட் தரை போதும் என்றிருந்தவர், தொகை ஏற ஏற டைல்ஸுக்குப் போனார். போன பொங்கலுக்குள் கிரானைட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் கோலம் போடும்போது, அதே தெருவில் இருக்கும் என்னிடமே சொன்னார்: “படிக்கட்டுக்கும் கிரானைட்டே போட்டுடலாம்ணா, இங்க கெடைக்கிற கல்லுதானே.” நான் நல்லது என்றேன். வேறென்ன சொல்ல?

இந்த மாதம் நான் தவணை கட்டப் போன அன்று, கம்பெனியில் புதிதாக ஒரு பரபரப்பு. அடித்தட்டுக்காரர்கள் இதுவரை ஏறிய வட்டி மொத்தத்தையும் விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். முக்கால் பங்குப் பணத்துக்கு உரியவர்கள் போட்டுவிட்டால் மற்றவர்களும் கட்டுப்பட்டவர்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது அற்புதராஜ்தான். “வட்டி போனாலும் அசல் நிக்கும்ணா” என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராகப் போடவைத்திருந்தார். முக்கால் பங்குக்கு எட்டு லட்சம்தான் குறைந்தது. அந்த எட்டு லட்சம் யாருடையது என்று ராஜ்குமாருக்கும் தெரியும். அற்புதராஜின் வேலை வருட ஒப்பந்தம். இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் ராஜ்குமார் ஒரே மூச்சில் சொன்னதை நான் ரசீதுக்காக நிற்கையில் கேட்டேன். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துவதுபோலத்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் சூசைமேரி. வெயிலில் நடந்து வந்த மூச்சு அடங்குவதற்குள், “ஏங்க, வெங்கடப்பன் கீழ நிக்கிறான்” என்றார். மாடி கட்டப் பேசிவைத்திருந்த மேஸ்திரி வெங்கடப்பன். “சென்ட்ரிங் பலகைக்கு அட்வான்ஸ் கேக்கறான். விட்டா வேற வேலைக்குப் போயிடுவானாம். ஏறியிருக்கிறதுல ஒரு லட்சம் மட்டும் எடுத்துக் குடுங்க.”

பெஞ்சில் இருந்த அடித்தட்டுக்காரர்கள் எல்லோரும் அற்புதராஜைப் பார்த்தார்கள். சுவேதாகூட நிமிர்ந்தாள்.

“உக்காரு மேரி. டீ சொல்றேன்.”

“டீ வாணாம்.”

“இது எப்படின்னா மேரி, மேல ஒரு ஏரி இருக்குதுன்னு வச்சுக்கோ…”

“ஏரியும் வாணாம். பணம் இருக்குதா, இல்லியா?”

“உன் பேர்ல குந்தியிருக்குது.”

“எங்க குந்தியிருக்குது? காட்டுங்க.”

அற்புதராஜ் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். சூசைமேரி சுற்றிலும் இருந்த முகங்களை ஒருமுறை பார்த்தார். அதிலேயே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

“யாருக்குமே வரலியா?”

“மேல்தட்டுக்கு வருது. மும்பைல ஒரு கம்பெனி.”

“மாசாமாசமா?”

“மாசாமாசம்.”

“நம்ம எதிர்வீட்டுக் கங்கப்பண்ணன் இங்கதானே வண்டிக்குக் கட்றாரு? தேஞ்ச டயர மாத்தாம, பொண்டாட்டி காதுத் தோட்ட அடகு வச்சி கட்றாரே. அந்தக் காசு தெருவத் தாண்டி நம்ம வாசலுக்கு வரலை, மும்பைக்குப் போயிருக்குதா?” குரல் உயரவில்லை. டீ இல்லாமலேயே உயரவில்லை. “நாம அடியில இருக்கோம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேங்க.”

கண்ணாடி அறையிலிருந்து ராஜ்குமார் வந்தார், கையில் அந்தத் தாளோடு. “மேடமே வந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. ஒரு சைன் மட்டும் மேடம், ஃபார்மாலிட்டிதான். சார், நீங்களே எக்ஸ்ப்ளெயின் பண்ணிடுங்க. உங்கள மாதிரி யாராலயும் முடியாது.”

பாராட்டு உண்மையானதுதான். அற்புதராஜ் தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் வாசித்துக்காட்டும் தோரணையில் தொடங்கினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அந்த வாரம் முழுக்க மற்றவர்களிடம் சொன்னதை அவரால் தன் மனைவியிடம் சொல்ல முடியவில்லை.

“இதுல கையெழுத்து போட்டா, ஏறுனது எல்லாம் இல்லைன்னு ஆயிடும் மேரி.”

“போடலைன்னா?”

“எப்ப வரும்னு தெரியாது. ஆனா அவங்க நமக்குக் குடுக்கணும்ங்கிறது நிக்கும்.” கண்ணாடியைக் கழற்றினார். “வரலை மேரி. ரெண்டு வருசமா ஒரு பைசா வரலை.”

அந்த மாடியில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. “சார்…” என்றார் ராஜ்குமார். அந்த ஒரு சொல்லுக்குள் ஒப்பந்தம், புதுப்பித்தல் எல்லாம் இருந்தது.

அற்புதராஜ் தாளை இரண்டாக மடித்து மேனேஜர் பக்கமாக மேஜையில் வைத்தார். கவுன்ட்டரின் பக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பெஞ்சில் இடமில்லை. கோவிந்தப்பன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். அற்புதராஜ் அங்கே உட்கார்ந்து, காலியாகிவிட்ட தன் நாற்காலியைப் பார்த்தபடி, மற்றவர்களைப் போலவே காத்திருக்க ஆரம்பித்தார்.