பாலத்து வசூல்

ரெய்யோ லாம்பினென் ஹில்க்காவுக்குப் பட்டிருந்த கடன் முப்பத்தேழு மார்க், அறுபது பென்னி. மார்க் என்ற காசே பின்லாந்தில் ஒழிந்து வெகுகாலமாகிறது. கடன் மட்டும் ஒழியவில்லை.

அது கடன் என்பதே ரெய்யோவுக்குத் தெரியாது. அவனைக் கேட்டால், பிள்ளைப் பிராயத்து விளையாட்டு என்பான்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் தொழுவமும் மாடுமாகப் பிழைக்கிற சனம். அந்தக் கரையில் பள்ளிக்கூடம், கடை, ரெய்யோவின் அப்பா கட்டின இரண்டு மாடி வீடு. நடுவே ஒரு மரப்பாலம். ஹில்க்கா விடிவதற்குள் பால் கறந்து, கேன் கழுவி, அதற்கு அம்மா கொடுக்கும் இருபது பென்னியைக் கையுறைக்குள் பொத்திக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவாள். பாலத்தின் மறுமுனையில் ரெய்யோவும் அவன் கூட்டாளிகளும் நிற்பார்கள்.

"சுங்கம் எடு, சாணி."

எடுத்தால் வழி. எடுக்காவிட்டால் அவளைச் சுற்றி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு "ம்மாஆ" என்று கத்துவார்கள். வகுப்பில் அவள் பதில் சொல்ல எழுந்தால் பின் வரிசையிலிருந்து மெதுவாக அதே "ம்மாஆ" வரும். ஆசிரியை திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாத் தலையும் புத்தகத்துக்குள் இருக்கும்.

ஒரு முழுப் பள்ளியாண்டு இப்படி. காலையில் தின்றதெல்லாம் வாந்தி. அம்மா சூடான பால் கொடுப்பாள். அதுவும் வெளியே வந்துவிடும். பிறகு ரெய்யோவை அவன் மாமா ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாலத்தின் மறுமுனையில் யாருமே இல்லை. ஆனாலும் ஹில்க்காவின் கை காசைத் தேடியது. காசு இல்லாவிட்டால் கால் நகராது. மேற்படிப்புக்கு வா என்று ஆசிரியை வீடு தேடி வந்தபோது தொழுவத்துக்குள் ஒளிந்துகொண்டாள். படிப்பு வரவில்லை போலிருக்கிறது என்று ஊர் நினைத்தது. படிப்பெல்லாம் நன்றாகத்தான் வந்தது. பாலம்தான் வரவில்லை.

போகட்டும். படிப்பா சோறு போட்டது? ஓர் ஓட்டை லாரியில் சரளைக்கல் அடிக்கத் தொடங்கியவள் இன்று பதினோரு லாரிக்கும் நாலு மண்வாரிக்கும் சொந்தக்காரி. அவள் கல் கொட்டாத சாலையில் நடக்கவேண்டும் என்று யாருக்காவது ஆசையிருந்தால் சுவீடனுக்குத்தான் போகவேண்டும். வங்கிக்காரன் அவளைக் கண்டால் எழுந்து நிற்பான். இத்தனை இருந்தும், இரும்பு மாதிரி இருக்கிற இந்தப் பொம்பளை, எந்தப் பாலத்தின்மேல் லாரி ஏறினாலும் ஓர் இருபது பென்னியைக் கைக்குள் பொத்திக்கொள்வாள். மாடு கத்தினால் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். கூட்டத்தில் பின்னால் யாராவது சிரித்தால், தன்னைத்தான் என்று காது சிவக்கும். அவள் கணவர் தௌனோவைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

அந்த மரப்பாலம் உளுத்துப்போய், அதே இடத்தில் நடைபாலம் கட்ட நகராட்சி டெண்டர் விட்டபோது ஹில்க்காவே எடுத்தாள். கட்டிமுடிக்கிறவரை ஆற்றைக் கடக்கவேண்டிய வேலையை எல்லாம் மேஸ்திரி தலையில் கட்டினாள். அப்புறம் வந்தது வினை.

"ரிப்பன் வெட்டி, முதல்ல நடக்கப்போறது நீங்கதான் மேடம்" என்று நகராட்சித் தலைவர் சொல்லிவிட்டார். "அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் காப்பியும் பன்னும்."

ஜூன் மாதத்து வெயில். மகள் வென்லா வாங்கிவந்த நீலக் கவுனை மாட்டிக்கொண்டு ஹில்க்கா வந்து நின்றாள். கத்தரிக்கோல் ஒரு கையில். மறு கை இடுப்பில் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது.

"தௌனோ," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்த கவுன்ல பாக்கெட்டே இல்ல."

"அதுக்கென்ன, அழகாத்தானே இருக்கு."

"காசு வேலை பேன்ட்டுல கிடக்குய்யா!"

தௌனோ தன் சட்டையைத் தட்டினார், பையைக் குடைந்தார். கிடைத்தது ஒரு வங்கி அட்டை, ஓர் இருமல் மிட்டாய். "மிட்டாய் வேணுமா?" என்றார் பாவம்.

"வாயில போட்டுக்கோ."

ஊரே பார்க்கிறது. ரிப்பன் அறுந்தது. கைதட்டல். இனி நடக்கத்தான் வேண்டும். நின்றால் காரணம் கேட்பார்கள். நடந்தாள். பத்தடி சரியாகப் போயிற்று. நடுப்பாலத்தில் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கரையில் ஒரு கூட்டம் நிற்க, அதற்கு முன்னால் தொந்தியும் தொப்பியுமாக ஒருவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்பா வீட்டுக்கே திரும்பிவந்திருந்த ரெய்யோ. அதே முனை. அதே இடம்.

ஹில்க்கா நின்றுவிட்டாள். வலது கை தானாக முன்னால் வந்து, விரல் ஒவ்வொன்றாக விரிந்து, காசில்லை காசில்லை என்று உள்ளங்கையைக் காட்டியது.

இங்கேதான் எங்கள் சனத்தின் குணம் வேலை செய்தது. ஒரு பொம்பளை பாலத்தின் நடுவில் கை நீட்டி நிற்கிறாள் என்றால் எதற்கென்று வேறு ஊரில் கேட்பார்கள். எங்களூரில் கேட்கமாட்டார்கள், வரிசையில் நிற்பார்கள். ஏதோ வசூல் போலிருக்கிறது, எல்லாருக்கும் விவரம் தெரிந்திருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, இடைவெளி விட்டு, சத்தமில்லாமல் பாலத்தில் ஏறி ரெய்யோவுக்குப் பின்னால் நின்றார்கள். பர்ஸ்கள் திறந்தன.

"எவ்வளவு?" என்றான் ரெய்யோ, அவள் எதிரே வந்து, பர்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கஞ்சன்.

ஹில்க்கா அவனைப் பார்த்தாள். அவன் கையில் பர்ஸ். தன் கை நீட்டியபடி. இந்தப் பாலத்தில் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது! வயிற்றின் அடியிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. பழைய வாந்திதான் என்று பயந்தாள். வந்தது சிரிப்பு.

"சுங்கம் எடுடா, ரெய்யோ!"

"என்னது?"

"தினம் இருபது பென்னி. அந்த முனையில நின்னு வாங்கினியே, ஒரு வருஷம். மொத்தம் முப்பத்தேழு மார்க் அறுபது."

ரெய்யோவின் முகம் மெல்லச் சிவந்தது. "அடேயப்பா, அது விளையாட்டில்லையா ஹில்க்கா? சின்னப் பசங்க..."

"உனக்கு விளையாட்டு. நான் இந்த வயசுவரைக்கும் கையில காசில்லாம ஒரு பாலத்துல ஏறினதில்ல, தெரியுமா? மாடு கத்தினா என் சட்டையை நானே மோந்து பாக்குறேன். பதினோரு லாரி வச்சிருக்கேன்டா, இன்னும் மோந்து பாக்குறேன்!"

சொல்லிவிட்டாள். ஊர் கேட்டுவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். கவுன் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற முன்னாள் தபால்காரர் தொண்டையைச் செருமினார். "என் ஸ்கேட்டிங் பூட்ஸையும் இவன்தான் ஆத்துல போட்டான்."

"கார்டு வாங்குவீங்களா?" என்று வால் பக்கத்திலிருந்து ஒரு கிழவி கேட்டாள்.

ரெய்யோ தொப்பியைக் கழற்றினான். மாட்டினான். மறுபடி கழற்றினான். "எனக்கு இவ்வளவு தெரியாது, ஹில்க்கா," என்றான், தரையைப் பார்த்து. "தப்புதான். பெரிய தப்பு." எங்கள் ஊர் ஆம்பிளை வாயிலிருந்து இது வருவது ஜூன் மாதத்தில் பனி பெய்கிற மாதிரி. அப்புறம் கஞ்சப்புத்தி தலைகாட்டியது. "யூரோவுல எவ்வளவு ஆகுது?"

"ஆறு யூரோ முப்பத்திரெண்டு சென்ட்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். அதுக்குத்தான் என்னை இந்தப் பாடு படுத்தினே."

ரெய்யோ பர்ஸைத் திறந்து சில்லறையைத் துழாவினான்.

"ரெண்டு சென்ட் காசு நம்ம நாட்டுல எந்தக் கடையிலயும் நடக்காது," என்றாள் ஹில்க்கா. "அதைத் தள்ளிடறேன். மிச்சத்தை எண்ணு."

தௌனோ பின்னாலேயே வந்து நின்றிருந்தார், வாயில் மிட்டாயோடு. ரெய்யோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் உள்ளங்கையில் காசை வைக்கத் தொடங்கினான். வரிசை மொத்தமும் எட்டிப்பார்த்துக் கூடவே முணுமுணுத்தது. ரெண்டு யூரோ. நாலு. அஞ்சு. ஆறு. அப்புறம் ஓர் இருபது சென்ட், கடைசியாக ஒரு பத்து.