விளக்குகள் மேல் நான் கட்டிய பிராது

கார்த்திகை மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. காற்று இல்லை. தார்ச்சாலை ஈரத்தில் பளபளத்தது. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வளைகாப்பை முடித்துக்கொண்டு, நானும் என் மனைவி சரோஜாவும் மொபெட்டில் விருத்தாசலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு வயது எழுபத்திரண்டு. வேகம் இருபத்தைந்து. ஹெல்மெட் போட்டிருந்தேன். சாலையின் இடது ஓரமாகத்தான் போனேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பிறகு எல்லோரும் என்னைத்தான் குற்றவாளியைப் போலக் கேட்டார்கள்.

எதிரே ஒரு வண்டி வந்தது. என்ன வண்டி என்று தெரியவில்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும்தான் வந்தது. நான் முப்பத்தோரு வருஷம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவன். எரிகிற சூளையின் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நெருப்புகூட என் கண்ணை இப்படிப் பறித்ததில்லை. சாலை மறைந்தது. ஓரம் மறைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் "என்னாங்க" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் பள்ளத்தில் கிடந்தோம். வண்டி நிற்கவில்லை.

எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து தகடு வைத்தோம்.

புகார் கொடுக்கப் போனேன். வண்டி நம்பர் கேட்டார்கள். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் நம்பர் தெரிந்திருந்தால் நான் ஏன் பள்ளத்தில் விழப்போகிறேன்? கம்பெனி பொருத்தி அனுப்பிய விளக்கை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். சட்டம் இருக்குதுங்க, யார் மேல போடறது என்றார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அங்கிருந்து நேராக விளக்கு விற்கும் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். இதைப் போடுவது தப்பில்லையா என்று கேட்டேன்.

"ரோட்டுல போடாதீங்கன்னு சொல்லித்தான் ஐயா விக்கிறேன்."

"பின்னே, வாங்கறவன் கிணத்துக்குள்ளயா வண்டி ஓட்டுவான்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயசான காலத்தில் இருட்டிய பிறகு ஏன் வெளியே போனீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்களிடமும் சண்டை போட்டேன். ஆறே முக்கால் மணி என்பது திருடன் நடமாடும் நேரமா?

அடியார்களே, இதைவிடப் பெரிய துன்பம் வீட்டுக்குள் இருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் சரோஜா வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்றாள். எங்கள் தெரு வழியாக ஏதாவது வண்டி திரும்பினால் ஜன்னலில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும். உடனே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கட்டிலைப் பிடித்துக்கொள்வாள். பிசியோதெரபி செய்ய வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது நடக்காவிட்டால் பிறகு கால் இப்படியே நின்றுவிடும் என்றாள். அன்று நான் சமையலறையில் நின்று அழுதேன். என்னால் செய்ய முடிந்தது எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் கொளஞ்சியப்பர் நினைவுக்கு வந்தார். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மணவாளநல்லூரில் இருக்கும் முருகன் அவர். அநியாயம் நடந்தால், யார் செய்தார்கள், என்ன செய்தார்கள் என்று காகிதத்தில் எழுதி அவரிடம் பிராது கொடுப்போம். எதிரியின் ஊர் எத்தனை கிலோமீட்டரோ, அதற்குத் தகுந்தாற்போல் படிப்பணம் கட்ட வேண்டும். சாமி விசாரணைக்குப் போய்வர வேண்டுமல்லவா. எழுதியதை முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவோம். நியாயம் கிடைத்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

நான் போனேன். சீட்டு எழுதுபவர் எதிரி பெயரைக் கேட்டார். தெரியாது என்றேன். ஊர் கேட்டார். அதுவும் தெரியாது. பேர் இல்லாமல் எப்படிங்க பிராது என்றார். இங்கேயும் அதே கேள்வியா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பேனாவை வாங்கி நானே எழுதினேன். 'கருவேப்பிலங்குறிச்சி சாலையில், எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கும் விளக்கைப் பொருத்தி வண்டி ஓட்டும் அனைவர் மீதும். என் மனைவி சரோஜா தன் காலால் நடந்து உன் சன்னதிக்கு வர வேண்டும்.' கருவேப்பிலங்குறிச்சி தூரத்துக்குப் படிப்பணம் கட்டினேன். எதிரி அதைத் தாண்டியும் இருக்கலாமே என்று பெண்ணாடம் வரைக்கும் சேர்த்துக் கட்டினேன்.

பெயர் எழுதாமல் பிராது கட்டியது தப்பு என்றுதான் வழியெல்லாம் கவலைப்பட்டேன். அந்தத் தப்பைத்தான் சாமி பிடித்துக்கொண்டார்.

என்னை ஏற்றிப்போன ஆட்டோக்காரர் வழியிலேயே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. அங்கிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து கரும்பு ஏற்றும் டிராக்டர்காரர்கள். பிராதில் ஒரு பெயர் இருந்திருந்தால் அந்த ஒருவன்தான் பயந்திருப்பான். பெயர் இல்லாததால், அந்த மாதிரி விளக்குப் போட்ட ஒவ்வொருவனும் அது தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டான். அபராதச் சீட்டுக்குப் பயப்படாதவன்கூட எங்கள் ஊரில் பிராதுக்குப் பயப்படுவான். ஆட்டோக்காரர் தன் வண்டியில் இருந்த நீல விளக்கைக் கழற்றிவிட்டு வந்துதான் எனக்கே இதைச் சொன்னார்.

தை மாதம் ஒரு சாயங்காலம், பீங்கான் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தனவேல், நாற்பது வயது இருக்கும். ஒரு கோணிப்பையை வாசலில் வைத்தார். உள்ளே இரண்டு விளக்குகள்.

"ஐயா, ராஜினாமா குடுத்துடுங்க. பாப்பாவுக்கு ஒரு வாரமா ஜுரம் வுடல. வூட்டுல ரெண்டு வேளையா யாரும் சாப்பிடல."

நீதானா அது என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தெரியலைங்க ஐயா. தெனம் அந்த ரோட்டுலதான் போறேன். நானாவும் இருக்கலாம். இந்த லைட்டப் போட்டா எதிர்ல வர்ற ஆளோட மூஞ்சி எனக்கு எப்பிடிங்க தெரியும், அவங்கதான் கையால மூஞ்சிய மறைச்சிக்கிறாங்களே."

கையை ஓங்கிவிட்டேன். ஆமாம், ஓங்கினேன். அப்போது உள்ளேயிருந்து சரோஜா கேட்டாள். "பழைய லைட்ட மாட்டிட்டியாப்பா?"

"மாட்டிட்டேங்கம்மா."

"போட்டுக் காட்டு."

அவர் வண்டியில் ஏறி விளக்கைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் தரையோடு படிந்து வந்தது. சரோஜா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு கால் இறக்கினாள். இன்னொரு காலையும் இறக்கினாள். அந்த வெளிச்சத்துக்கு எதிராக, கண்ணைத் திறந்துகொண்டே, தெருமுனை வரைக்கும் நடந்தாள். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"கம்பெனியில பீங்கான எண்ணுற மாதிரி என் அடிய எண்ணாதீங்க. கண்ணு கூசல."

வண்டியின் மூக்கைத் தொட்டுவிட்டு நின்றாள். தனவேல் கீழே இறங்கி அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் அதே குட்டியானையில் மணவாளநல்லூர் போனோம். சன்னதிக்குள் அவள் தன் காலால் நடந்தாள். ராஜினாமாவில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். குழந்தைக்கு ஜுரம் விட்டுவிட்டதாகத் தனவேல் பிறகு வந்து சொன்னார். பணம் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. யார் செய்தது என்று தெரியாத கடனை ஒருவரிடம் மட்டும் எப்படி வசூலிப்பது?

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கடையில் இன்னும் விற்கிறார்கள். ஆனால் இப்போது ராத்திரியில் தூங்குகிறேன். செவ்வாய்தோறும் நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போகிறோம், இருட்டிய பிறகுதான் திரும்புகிறோம். உங்கள் எதிரிக்குப் பெயர் இல்லையே, முகம் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். தெரிந்ததை மட்டும் எழுதி அவர் காலடியில் வையுங்கள். மீதியை அவர் விசாரிப்பார்.

அந்த ஜோடி விளக்குக்குத் தனவேல் கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆஸ்பத்திரி, பிசியோதெரபி, மொபெட் ரிப்பேர், ஆட்டோ, பிராது, படிப்பணம், ராஜினாமா எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது இரண்டு லட்சத்து ஆறாயிரத்து நானூற்று அறுபத்தைந்து ரூபாய்.