சவரி அண்ணனுக்கு விடப்படாத இடம்

சவரி அண்ணன் இறந்த செய்தி நம் காற்பந்துக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. "முன்னாள் கோல் கீப்பர் சவரிமுத்து இன்று காலை காலமானார்" என்று ஒரு வரி. அதற்கு அடியிலேயே, "சனிக்கிழமை சிலிபின் குழுவோடு அரையிறுதி. எல்லாரும் சிவப்பு ஜெர்சி" என்று இன்னொரு வரி. வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்தன. எந்த வரிக்கு என்று தெரியவில்லை. ஈப்போவில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து கை கழுவினேன்.

அவரை அறியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் மரங்களைச் சாய்த்து வீடு கட்டுவதற்கு முன்பு, நம் தோட்டத் திடலில் பல வருஷம் கோல் காத்தவர் அவர். வாரம் முழுக்க லோரி ஓட்டுவார். சனிக்கிழமை மாலை கையுறை மாட்டுவார். கையைவிட வாய்தான் அதிகம் தடுத்தது. சிலிபின் குழுவின் முன்கள ஆட்டக்காரர் ராஜன் பந்தோடு ஓடி வந்தால், "தம்பி, பந்தப் பாத்து அடிடா. என்னையே பாக்குற. நான் அழகா இருக்கேன்னு எனக்குத் தெரியும் லா" என்பார். ராஜன் சிரித்துவிடுவார், பந்து கம்பத்துக்கு மேலே போய்விடும். "சார், இந்த ஆள் வாய்க்கு ஒரு மஞ்சள் கார்டு குடுங்க" என்று ராஜன் ஒருமுறை நடுவரிடமே கெஞ்சினார்.

நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர் ஒருவர் இறந்தால், அடுத்த ஆட்டத்தைப் பத்துப் பேரோடு தொடங்குவோம். இறந்தவர் நின்ற இடம் காலியாக இருக்கும். பந்து முதல்முறை கோட்டுக்கு வெளியே போன பிறகுதான் பதினோராவது ஆள் உள்ளே வருவார். இடது பின்களத்தில் ஆடிய என் அண்ணன் செல்வம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது, அடுத்த ஆட்டமே இறுதிச் சுற்று, சிம்பாங் பூலாயில். பந்து வெளியே போவதற்கு முன்பே எதிரணி அந்தக் காலி இடத்தின் வழியாக வந்து கோல் போட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம். திரும்பி வரும் வேனில், இன்று நம் தலைவராக இருப்பவர், "செத்தவனுக்காகக் கிண்ணத்த விட்டுட்டோம்" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சவரி அண்ணன் முன்னால் இருந்து திரும்பினார். "கோல் வாங்குனவன் நான். நானே பேசல. நீ வாய மூடிக்கிட்டு வா." தலைவர் அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

தோட்டம் விற்கப்பட்டு, குழு டவுன் திடலுக்கு மாறியதும், கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த அவரைச் சான்றிதழ் இல்லை என்று செயற்குழுவில் இருந்தவர்கள் நிறுத்தினீர்கள். ஆண்டு விருந்துக்கும் அழைக்கவில்லை. அப்போதும் அவர் சனிக்கிழமை தவறாமல் வந்து கோலுக்குப் பின்னால் நின்றார். "ஏண்ணே இன்னும் வாரீங்க?" என்று கோபமாகவே கேட்டேன். "விருந்துக்குத்தான்டா அழைப்பு வேணும். திடலுக்கு எதுக்கு?" என்றார்.

அடக்கத்தன்று, நாம் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவருக்கும் அந்த மாதிரி எடம் விடுவாங்கதானே? சனிக்கிழமை நானும் வாரேன். ஒருவாட்டி பாக்கணும்" என்றார். வெளியே வந்து தலைவரிடம் கேட்டேன்.

"மச்சான், கோல் கீப்பர் இல்லாம ஆட ரூல் எடம் கொடுக்காது லா. வேற எடமா இருந்தா பரவால்ல."

"கீப்பர் திடலுக்குள்ள இருந்தாப் போதும். கோல விட்டுத் தள்ளி நிக்கட்டும். பந்து வெளிய போனதும் கோலுக்கு வரட்டும்."

"அரையிறுதி மச்சான். மறுபடியும் சிம்பாங் பூலாய் மாதிரி ஆவணுமா?"

என் அண்ணன் செத்ததைத்தான் அப்படிச் சொன்னார். சுற்றி நின்ற செயற்குழுவினர் அவரோடு கிளம்பிப் போனார்கள். குழு வைத்த மலர்வளையம் மட்டும் பெரியதாக இருந்தது.

சனிக்கிழமை அக்கா வந்தார். கோலுக்குப் பின்னால் போய் நின்றார். நம் கீப்பர் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நடுவர் ஊதினார். ஆட்டத்தைத் தொடங்கியது சிலிபின். அவர்களுடைய ஆட்டக்காரன் முதல் பந்தையே நேராகப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்தான். பிறகு அவர்கள் அத்தனை பேரும் நம் கோலைப் பார்த்துத் திரும்பி, தலை குனிந்து நின்றார்கள். அவர்களுடைய பயிற்றுநர் இப்போது ராஜன்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சும்மா நிக்கிறானுங்கடா! எறி, சீக்கிரம் எறி!" என்று நம் தலைவர் கத்தினார். நம் ஆட்கள் எறிந்தார்கள். அசையாமல் நின்றவர்களைத் தாண்டி ஓடிப்போய்க் கோல் போட்டார்கள். அந்தக் கோலில்தான் நாம் வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் ராஜன் அக்காவிடம் வந்தார். "என்னைய எத்தன வருஷம் கலாய்ச்சாரு அக்கா. அவருக்கு ஒரு பந்து குடுக்க மாட்டேனா?" அக்கா அங்கேதான் முதல்முறையாகச் சிரித்தார். நம் ஆட்கள் அப்போது மேசையில் காட்சிக்கு வைத்திருந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சவரி அண்ணன் மற்றவர்களுக்காகக் கோபப்பட்டார். தனக்காக ஒருமுறையும் கோபப்பட்டதில்லை. அவர் படாமல் விட்டுப்போன அந்தக் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. இறுதிச் சுற்றுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.