மேவிஸின் முழங்கை உயரம்

இங்கிலாந்தின் மாட்லாக் ஊரில், ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் தன் தோட்டத்தில், வில்ஃப்ரெட் ஆல்சாப் வெகுகாலம் பொம்மை ரயில் ஓட்டினார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். தண்ணீர் நிரப்பி, எரிவாயுவைப் பற்றவைத்தால் நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின் அது. தண்டவாளம் தரையோடு தரையாகக் கிடந்தது. ரயில் என்றால் மண்ணில்தான் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. ஊரில் இப்படித் தோட்டத்தில் ரயில் ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்கும் அதுவே கட்சி.

அவர் இறந்தபின் மனைவி மேவிஸ் ரயிலை விற்கவில்லை. காலுறை ஆலையில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள். எண்ணெய்க் கறை அவளுக்குப் புதிதல்ல. தானே ஓட்டினாள். ஆனால் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஏப்ரலில் ஒரு காலை, தண்டவாளத்தில் ஒட்டிய நத்தையை எடுக்க மண்டியிட்டவளால் எழ முடியவில்லை. ஈரப் புல்லில் சாய்ந்து கிடந்தாள். எஞ்சின் அவள் மூக்கை உரசுவதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து, ஓய்ந்து நின்றது. கடைசியில் தபால்காரர்தான் தூக்கிவிட்டார்.

செய்தி கேட்டு வில்ஃப்ரெட்டின் தம்பி கிளிஃப், சங்கத் தலைவர் டெஸ்மண்ட் கார்சைடையும் அழைத்துக்கொண்டு வந்தார். இனி ரயிலைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்தால் போதும் என்றார்கள். மேவிஸ் தேநீரை ஊற்றியபடியே, தண்டவாளத்தைப் பெயர்த்து மேலே தூக்கப்போவதாகச் சொன்னாள்.

"அலமாரித் தட்டுல ஓடுற ரயிலை எங்கயாவது பார்த்திருக்கீங்களா, மேவிஸ்?" என்றார் டெஸ்மண்ட். "வில்ஃப்ரெட் இருந்தா இதுக்குச் சம்மதிப்பாரா?"

"வில்ஃப்ரெட் மண்ணுக்குள்ள இருக்காரு. ரயிலும் மண்ணுலயே கிடக்கணும்னு ஒண்ணும் இல்ல."

மறுநாள் இஸ்திரிப் பலகையைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்தாள். அதன் கால்களை ஏற்றலாம், இறக்கலாம். மேலே எஞ்சினை வைத்து, எண்ணெய்க் குப்பியோடு ஒவ்வொரு உயரமாகப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே என்றால் முதுகு பிடித்தது. மார்பளவுக்கு ஏற்றினால் புகைபோக்கியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முழங்கை உயரத்தில் கை தானாகப் போய் உட்கார்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, பாவம், ரயிலுக்கு இஸ்திரி போடுகிறாள் என்று சத்தமாகவே சொன்னாள்.

சரிவுதான் பெரிய தலைவலி. தண்டவாளம் மட்டமாக இருக்க வேண்டும். தரையோ இறங்கிக்கொண்டே போனது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். சமையலறைப் பக்கத்து மேட்டில், நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை எட்டும் உயரம். அதே மட்டம் கீழ்க்கோடியில், நின்றால் முழங்கை எட்டும் உயரமாகிவிடும். அந்த மட்டத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, அதன் மேல் தண்டவாளம் போடத் தொடங்கினாள். அன்று கோபித்துக்கொண்டு போயிருந்த கிளிஃப் ஒரு சனிக்கிழமை சிமெண்ட் கரண்டியோடு வந்து நின்றார்.

"உனக்காக வரல. நீ கட்டுற சுவர் சாஞ்சா அண்ணன் எஞ்சின் நொறுங்கிடும்."

"எதுக்காக வந்தா என்ன, கலவையைக் குழை" என்றாள்.

ஜூனில் சங்கத்தார் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கும் நாளில், டெஸ்மண்ட் பட்டியலில் அவள் வீட்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். மேவிஸ் கதவைத் திறந்துபோட்டு, ரயில் ஓடுகிறது என்று அட்டையில் எழுதி மாட்டினாள். பாதிப் பேர் வந்தார்கள். நெட்டையர்கள் வளைந்து நெளிந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. கடைசியில் டெஸ்மண்டே வந்தார்.

"ரெண்டுங்கெட்டான் உயரம், மேவிஸ். நிக்கிறவனுக்குப் பள்ளம், மண்டி போடுறவனுக்கு மேடு."

"உங்க உயரத்துக்கு உங்க வீட்டுல கட்டிக்குங்க. இது என் உயரம்."

அவர் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். அவளுக்கு வருத்தம்தான், வில்ஃப்ரெட்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எஞ்சினின் எரிவாயுவைக் கொஞ்சம் திருகிக் கூட்டி, அடுத்த சுற்றுக்கு அனுப்பினாள். அந்த வருடம் சங்கச் சந்தாவை அவள் புதுப்பிக்கவில்லை.