ஆயிஷாக்கா கொடுத்த வயர்

தாராவியில் எலக்ட்ரீஷியன் முன்பயிற்சி வகுப்பில் சேர்ந்த புதிதில், எங்கள் சமையலறை சுவிட்சை நானே மாற்றக் கிளம்பினேன். மெயினை அணைத்துவிட்டு வயரைத் தொடப் போனேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த கணவர், "எதுக்கும் டெஸ்டர வச்சுப் பாரு பிள்ள" என்றார். வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது! அலறிவிட்டேன்.

என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஆயிஷாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "போன மழையில நீங்க கரண்டு இல்லாம இருட்டுல கெடந்தியளே! எங்க லைன்ல இருந்து இந்த சுவிட்சுக்கு வயர் இழுத்துக் குடுத்தோம்லா. ரெண்டு வீட்டுலயும் மறந்துட்டோமேட்டீ!"

இப்போது மெயினை அணைத்தாலும் டெஸ்டர் வைக்காமல் எந்த வயரையும் தொடுவதில்லை. அதற்கும் முன்னால், வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுகிறேன்: "அக்கா, இவங்களுக்குப் பாசமா ஏதும் குடுத்திருக்கீயளா?"

– மேரி, தாராவி