சாவியார் அறியாத மொழி

பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு சன்னல். உள்ளே ஒரு பலகை, பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. இவ்வளவுக்கும் முன்னால், இருபத்துமூன்று வருடமாக ஒரே நாற்காலியில், சாவியார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

சாவியாருடையது சாதாரணச் சந்தேகம் அல்ல. தினமும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கும் சந்தேகம். யாராவது சிரித்து வணக்கம் வைத்தால், இவன் நேற்று நம்மைப் பற்றி என்ன போட்டுக்கொடுத்தானோ என்று யோசிப்பார். வணக்கம் வைக்காமல் போனால் யோசிக்க மாட்டார், போட்டுக்கொடுத்தது உறுதியாகிவிடும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக டாக்டரை மாற்றியவர்.

அவருடைய மனைவி வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தவர். கல்யாணமான இரண்டே வருடத்தில் சாவியார் அந்த மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டார். மனைவியும் மாமியாரும் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறியும் தற்காப்பு நோக்கம்தான். மனைவி அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார். சாவியாரும் மறுக்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று, மனைவியின் மொழியைக் குறிப்பிட்டு, "இந்த மொழி தெரியுமா?" என்று மேலதிகாரி கேட்டார். தெரியும் என்றால் கூடுதல் வேலை தலையில் விழும் என்று மோப்பம் பிடித்து, "சுத்தமா தெரியாதுங்க" என்றார். சொன்னது சொன்னதுதான். அப்புறம் எப்படிப் பின்வாங்குவது?

அந்தப் பொய்க்கு வட்டி போலக் கிடைத்ததுதான் தேர்வுப் பிரிவு. அங்கிருந்து தினமும் காலையில் இரண்டு பெண்கள் சாவி வாங்க வருவார்கள். மனசுக்குள் அவர்களுக்கு நெட்டை, குட்டை என்று பெயர் வைத்திருந்தார். இருவருக்கும் தாய்மொழி சாவியாரின் மனைவியின் மொழியேதான். எந்த அறையைத் திறப்பது, யாருக்கு மாற்றல், யார் பதிவாளருக்கு வேண்டாதவர், எல்லாம் சன்னலில் சாய்ந்தபடி அந்த மொழியிலேயே பேசுவார்கள். சாவியார் சுவரோடு சுவராக உட்கார்ந்து காதை மட்டும் வேலைக்கு அனுப்புவார். சன்னலை மூடிவிட்டுச் சாவிக்கு இயந்திரம் வைக்கப் போகிறார்கள் என்பதை ஆறு மாதம் முன்பே தெரிந்துகொண்டு, மனு மேல் மனு போட்டு நாற்காலியைக் காப்பாற்றியது இப்படித்தான்.

இந்த நிலையில் வந்தது ஒரு சுற்றறிக்கை. 'நம் வளாகத்தில் எத்தனை மொழிகள்! கொண்டாடுவோம்! பகிர்வோம்!' ஊழியர்கள் தமக்குத் தெரிந்த மொழிகளையெல்லாம் அட்டையில் எழுதி மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை விழாவுக்குக் குடும்பத்தோடு வரலாம்.

சாவியார் அதை மூன்று முறை படித்தார். அலுவலகத் தாளில் ஒரே வரியில் மூன்று ஆச்சரியக்குறி! இது கொண்டாட்டம் இல்லை, கணக்கெடுப்பு. ஆளைப் பிடிக்கிறார்கள். அட்டையில் ஒரே ஒரு மொழியை எழுதி, சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி அட்டையைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் எழுதியிருக்கு?"

"இடம் பத்தல."

"உள்ளங்கை அகலம் இருக்குங்க. இருபத்தஞ்சு வருஷமா சண்டையைக்கூட என் பாஷையிலதானே போடறீங்க? வெளியில சொல்ல வெக்கமா?"

"வெக்கமில்ல. பாதுகாப்பு."

"யார்கிட்டேருந்து?"

சாவியார் அட்டையை வாங்கி மறைத்துக்கொண்டார்.

"சரி. வெள்ளிக்கிழமை நான் வரேன். அட்டையில என் பாஷை இல்லேன்னா, அன்னியோட அதுல உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். தாலாட்டு மாதிரி கேட்டுப் பழகிய பேச்சு ஒருபக்கம், நாற்காலியைக் காத்த ஒற்றுவேலை மறுபக்கம். மூன்று நாள் சாவியாருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மார்பில் குத்திய அட்டையில் அதே ஒரு மொழி. கையில் பேனா, மூடி திறக்கவில்லை. நெட்டையும் குட்டையும் விழா அரங்கின் சாவிக்காகச் சன்னலில் நிற்க, மனைவி கைப்பேசியில் தங்கையோடு தன் மொழியில் பேசிக்கொண்டே படியேறி வந்தார்.

"அட, நம்ம பாஷை!" என்று குட்டை துள்ளினார். "யாரைப் பார்க்க வந்தீங்க?"

"இவரைத்தான். என் வீட்டுக்காரர்."

சாவியார் அவசரமாகக் குனிந்து, கீழே விழாத சாவியைத் தேடினார்.

"அப்ப சரி," என்றார் நெட்டை. "யார்கிட்ட கத்துக்கிட்டாருன்னு பதினோரு வருஷமா எங்களுக்குள்ள பந்தயம்."

சாவியார் பேயறைந்தவர் போல நிமிர்ந்தார்.

"இன்னிக்குப் பதினேழாம் ரூமைத் திறப்போமான்னு நான் இவகிட்ட கேப்பேன்," என்று மனைவியிடம் விளக்கினார் குட்டை. "நாங்க சாவி கேக்கறதுக்குள்ள பதினேழு மேசைக்கு வந்துடும். மூஞ்சி மட்டும் சுவரு மாதிரி. கை எப்பவுமே முந்திக்கும்."

"தெரிஞ்சுமா எல்லாத்தையும் பேசினீங்க?" என்று கேட்டார் சாவியார்.

"பின்னே? இயந்திரம் வருதுன்னு மூணு நாளு இங்கயே நின்னு கத்தினோமே, யாருக்காக? தொண்டை வத்திப்போச்சு. நேரா சொன்னா நீங்க நம்பவா போறீங்க?"

மனைவி சன்னல் வழியாகக் கையை நீட்டினார். சாவியார் அட்டையைக் கழற்றி, இரண்டாவது மொழியை முதலாவதைவிடப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். மனைவியே அதை அவர் மார்பில் குத்திவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று தன் மொழியில் கேட்டார். "மூணு நாளா எங்க?" என்று அதே மொழியில், அந்தச் சன்னலில் முதல்முறையாக, சாவியார் பதில் சொன்னார்.

நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டிய மனிதர். ஆனால் மூன்று நாள் நடித்தவர்கள் மீதி நாளெல்லாம் நடிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? போன வருடம், "இந்தக் கட்டடத்துலயே லட்சணமான ஆளு சாவியார்தான்" என்று குட்டை சொன்னாரே, அது தகவலா, நாடகமா? மனைவியிடமே கேட்டார்.

"நாடகம்தான்," என்றார் மனைவி, யோசிக்காமல்.

திங்கட்கிழமை நெட்டையும் குட்டையும் சன்னலுக்கு வந்து, அவருடைய முகத்தைப் பார்த்தே தங்கள் மொழியில் சொன்னார்கள்: "அண்ணே, நல்ல சேதி. இயந்திரத்தை ஒரேயடியா கைவிட்டுட்டாங்க. ஓய்வு பெறுற வரைக்கும் இந்தச் சன்னல் உங்களுக்குத்தான்."

சாவியார் ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் மாறி மாறி ஆராய்ந்தார். அப்புறம் பணிவோடு, அழகான உச்சரிப்பில் கேட்டுக்கொண்டார்:

"தப்பா நினைக்காதீங்கம்மா. அப்படித் திரும்பி நின்னு, இதையே உங்களுக்குள்ள ஒருதடவை பேசிக்கறீங்களா?"